நண்டுக்கு மேலே ஆறு சுத்து

நெய்வேலியில் நிலக்கரி என்றாவது ஒரு நாள் தோண்டித் தீர்ந்துவிடும். ஆறுசுத்துவுக்குக் கயிற்றின் மேல் இருக்கிற சந்தேகம் மட்டும் தீரவே தீராது. இதை நான் எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன். மரத்தில் ஏறிச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அதுதானே என் தொழில்!

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. திருவதிகைப் பக்கம் ஒரு முழ நிலம்கூட இல்லாத குடும்பம். மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்து, மண்ணை அள்ளிப்போகிற பெல்ட்டின் உருளைகளுக்குக் கிரீஸ் வைத்தேன். என் கை பட்ட உருளை ஒன்றுகூட 'கீச்' என்று கத்தியதில்லை. எஞ்சினியர்களே வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார்கள். அப்புறம் மரக்கிளை கழிக்கிற வேலையைக் கையில் எடுத்தேன். இன்று டவுன்ஷிப்பில் எந்தக் குவார்ட்டர்ஸ் கூரை மேல் கிளை சாய்ந்தாலும் "மேஸ்திரியக் கூப்பிடு" என்பார்கள். மேஸ்திரி என்றால் நான்தான். வேறு மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் கிளை இறங்கும், கூடவே கூரையும் இறங்கும்.

என்னிடம் மரம் ஏறுகிறவர்களில் முதல் ஆள் ஆறுசுத்து. குறிஞ்சிப்பாடியில் தறி போடுகிற வீட்டில் பிறந்தவர். நாள் முழுக்க உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எழுந்து வந்தவர், என்னிடம் வந்து மரத்தின் மேல் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

அவர் ஏறுகிற முறை ரொம்ப எளிது. பெரிய கயிறு ஒன்று மேல் கிளையிலிருந்து தொங்கும். அதன் மேல் சுண்டுவிரல் கனமுள்ள சிவப்புக் கயிறு ஒன்றை ஆறு முறை நெருக்கமாகச் சுற்றி, அதன் முனையை இடுப்பு வாரில் மாட்டிக்கொள்வார். கையால் தள்ளினால் சுற்று முழுவதும் மேலே நகரும். உடம்பின் பாரம் விழுந்தால் இறுகி, பெரிய கயிற்றைக் கவ்விக்கொள்ளும். பிடிப்பது முழுக்க உராய்வுதான். ஆணி இல்லை, ஸ்பிரிங் இல்லை.

"அஞ்சு சுத்து போதாதாய்யா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அஞ்சு சுத்து புடிக்குங்க மேஸ்திரி. ஆறு சுத்து வுடாதுங்க."

அன்றிலிருந்து அவருக்கு ஆறுசுத்து என்று பேர். சொந்தப் பேரை அவரும் மறந்துவிட்டார், நாங்களும் மறந்துவிட்டோம். யார் எதைக் கட்டினாலும் பக்கத்தில் போய் நின்று "எத்தன சுத்து?" என்பார். பால்காரரின் கேனாக இருக்கட்டும், சைக்கிளில் வைத்த வாழைத்தாராக இருக்கட்டும், ஆறுக்குக் குறைந்தால் உரியவரைக் கேட்காமலே மிச்சச் சுற்றைப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். 

குறிஞ்சிப்பாடியில் அவருடைய அக்கா மகள் கல்யாணம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். மூன்றாவது முடிச்சு விழுகிறது. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகிறது. அந்தச் சத்தத்தையும் பிளந்துகொண்டு தாய்மாமன் குரல்:

"மாப்ளே! இன்னா மூணோட நிறுத்திட்டீங்க? இன்னும் மூணு போடுங்க!"

தவில் அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஐயரைப் பார்த்தார், ஐயர் என்னைப் பார்த்தார், நான் பந்தி எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பயந்துபோன மாப்பிள்ளை நாலாவது முடிச்சு ஒன்று போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்த ஜோடி இன்றுவரை சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறது. அதற்குக் காரணம் அந்த நாலாவது முடிச்சுதான் என்பது ஆறுசுத்துவின் கட்சி.

இன்னொரு நாள் குள்ளஞ்சாவடியில் கிளை வெட்டிவிட்டு இருவரும் பஸ்ஸில் வருகிறோம். நிற்கத்தான் இடம். இவர் இடுப்பிலிருந்து சிவப்புக் கயிற்றை உருவி, மேலே உள்ள கம்பியில் ஆறு சுத்து சுற்றித் தன்னை மாட்டிக்கொண்டார். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. 

"யோவ் பெருசு, இன்னாய்யா இது, மாட்டக் கட்டறாப்ல கட்டிகினு நிக்கற?"

அவர் கேட்டு வாய் மூடவில்லை, குறுக்கே ஆடு வந்துவிட்டது. டிரைவர் போட்ட பிரேக்கில் நின்றவர்கள் அத்தனை பேரும் முன்பக்கம் போய் மூட்டை மாதிரி விழுந்தோம். கண்டக்டர் எனக்கு அடியில் கிடந்தார். ஆறுசுத்து மட்டும் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி சாய்ந்து தொங்கிக்கொண்டு, கீழே பார்த்துச் சொன்னார்: "மாடு வுழல பாருங்க."

ஆனால் இறுகிய சுற்று இளகவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. "இடுப்புல கத்தி இருக்கே, அறுத்துட்டு எறங்குய்யா!" என்று கத்தினேன். "புடிச்ச முடிச்ச அறுக்கறது பாவங்க மேஸ்திரி" என்றார். அதை நிதானமாகப் பிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஸ்டாப்பிங் தாண்டிவிட்டது. வெயிலில் திரும்பி நடந்தோம். நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் முடிச்சின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார்.

இவரிடம் இன்னொரு பழக்கம். எந்த மரமானாலும் ஏறுவதற்கு முன்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முடிச்சில் முழு பாரத்தையும் போட்டுத் தொங்குவார். நாலு முறை குதிப்பார். வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இவர் கண்டுகொள்ள மாட்டார். "ஒரு சாண்ல ஒருதபா செத்துப் பாத்துக்கணுங்க. அப்பறம் தெகிரியமா மேல போலாம்" என்பார். அவர் செத்துப் பார்த்து முடிப்பதற்குள் எனக்குப் பீடி இரண்டு தீர்ந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் நான் நண்டு வாங்கினேன்.

செல்போனில் வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கயிற்றில் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறுகிறான். கையில் உள்ளங்கை அளவு ஒரு கருவி. கயிற்றை நடுவில் விட்டு மூடினால் மேலே வழுக்கிப் போகும், பாரம் விழுந்தால் உள்ளே இருக்கிற இரும்புப் பல் கயிற்றைக் கவ்வும், வாலை அமுக்கினால் இறங்கும். எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துப்போனது. அன்றே ஆர்டர் போட்டேன், ஒன்றல்ல, இரண்டு. இந்த வட்டாரத்தில் அதை முதலில் வாங்கியவன் நான்தான். இரண்டாவதாக வாங்கப்போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. அது கவ்வுகிற விதத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் நண்டு என்று பேர் வைத்தார்கள்.

ஆறுசுத்து அதைக் கையில் வாங்கி, குலுக்கி, காதில் வைத்து, மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள ஸ்பிரிங் ஒண்ணு இருக்குதுங்க."

"ஆமாய்யா, இருக்கு."

"அது என்னைக்கு ஒடையும்னு எழுதியிருக்குதா?"

"உன் முடிச்சு மட்டும் என்னவாம்? மழையில நனைஞ்சா இறுகிகினு வர மாட்டேங்குது. வேகமா எறங்கினா சூட்டுல கயிறு தீயுது. மேல கீழ தள்றதுக்கே பாதி நாள் போவுது. நண்டப் பாரு, சர்ருனு போவும்!"

"சர்ருனு போறது சர்ருனு வரும்ங்க. முடிச்சுக்கு கெட்டது எதுவாயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நூல் பிரிஞ்சா தெரியும், தேஞ்சா தெரியும். இது வாய மூடிகினு இல்ல கீது?"

ஒரு மாதம் இப்படியே போனது. சாப்பாட்டு நேரம் முழுக்க நண்டா முடிச்சா என்பதுதான் பேச்சு. ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கடைசியில் விஷயம் சேப்டி மேடம் காதுக்குப் போய்விட்டது. மரத்தில் ஏறுகிற வேலைக்குப் பர்மிட் எழுதித் தருகிற பாதுகாப்பு அதிகாரி அவர். சின்ன வயசு, கண்டிப்பு, தப்பு கண்டால் பேனாவை மூடிவிடுவார். இருவரையும் கூப்பிட்டார்.

"மேஸ்திரியோட மெஷினுக்கு டெஸ்ட் சர்ட்டிபிகேட் இருக்கு. உங்க முடிச்சுக்கு எங்கங்க சர்ட்டிபிகேட்?" என்று ஆறுசுத்துவைக் கேட்டார்.

"முடிச்சு தெனம் காலைல பொறந்து சாயங்காலம் பிரிஞ்சி போவுது மேடம். வேணும்னா பொறப்பு சர்ட்டிபிகேட் வாங்கித் தரேன்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பேனா திறக்கவில்லை. "வெள்ளிக்கிழமை காலைல ஒரே மரத்துல ரெண்டு பேரும் என் முன்னாடி ஏறிக் காட்டுங்க. எது பாதுகாப்பா இருக்கோ, இனிமே அதுக்கு மட்டும்தான் பர்மிட்."

வெளியே வந்ததும் ஆறுசுத்து நின்றார். "மெஷினுக்குனு முடிவாச்சினா நான் ஏற மாட்டேன் மேஸ்திரி. இரும்ப நம்பித் தொங்கறதுக்கு, கீழ தழை பொறுக்கிகினு இருந்துடறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிலேயே கை நடுங்காமல் உச்சிக்கிளை வரை போகிற ஒரே மனிதர், வெள்ளிக்கிழமை நான் ஜெயித்தால் சனிக்கிழமை கூடை எடுத்துத் தழை பொறுக்குவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜெயிக்கப் போகிற குஷியில் அதை யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பிளாக் மைதானத்து ஓரத்தில் நிற்கிற பெரிய தூங்குமூஞ்சி மரம். இரண்டு கயிறு தொங்குகிறது. மூன்றாவது ஷிப்ட் முடித்து வந்தவர்கள், முதல் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள், காய்கறிப் பையோடு நிற்கிறவர்கள் என்று திருவிழாக் கூட்டம். ஏறப்போவது நானேதான். இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். இந்த வயதில் ஏறினால்தானே பேச்சு!

காலையிலேயே எழுந்து குளித்து, நண்டைத் துணியில் துடைத்து, பழைய பழக்கத்தில் அதற்கு நல்ல கிரீஸாக வைத்தேன். பல்லுக்குப் பல், இண்டு இடுக்கு விடாமல். மெஷின் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் கிரீஸ் வைக்காமல் விட என்னால் முடியாது. பெல்ட் உருளையில் படித்த படிப்பு அது. இன்னொரு நண்டுக்கு வைப்பதற்குள் டப்பா காலியாகிவிட்டது. சரி, அது பெட்டியிலேயே இருக்கட்டும் என்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கயிற்றில் நண்டையும், காலால் மிதித்து ஏற ஒரு வளையத்தையும் மாட்டினேன். ஆறுசுத்து பக்கத்தில் வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"மேஸ்திரி, கிரீஸ் வெச்சீங்களா?"

"வெக்காம? மெஷின்யா அது!"

"சுத்தற மெஷினுக்கு வெக்கலாங்க. இது கடிக்கற மெஷின். காவல் நாய் பல்லுல வெண்ணெயத் தடவிட்டு திருடனக் கவ்வச் சொல்றீங்க!"

"மெதுவாப் பேசுய்யா, மேடம் பாக்கறாங்க."

"அப்ப ஒரு சாண்ல தொங்கிப் பாத்துட்டுப் போங்க."

"இத்தன பேரு முன்னாடி குரங்காட்டம் குதிக்கச் சொல்றியா? தள்ளு!"

அவர் தள்ளவில்லை. இடுப்பிலிருந்து சிவப்புக் கயிற்றை உருவினார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெரிய கயிற்றுக்கு ஏற்ற கனம், தன் கைக்கு ஏற்ற நீளம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதை என் நண்டுக்கு மேலே, கிரீஸ் படாத கயிற்றில், ஆறு சுத்து சுற்றி என் இடுப்பு வாரில் மாட்டினார்.

"யோவ், இதப் போட்டா ஜெயிச்சது மெஷினா முடிச்சானு கேப்பாங்கய்யா!" என்று பல்லைக் கடித்தேன்.

"அது என்னங்க செவப்பா?" என்று மேடமும் கேட்டுவிட்டார்.

ஆறுசுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திருஷ்டிக் கயிறு மேடம். மேஸ்திரி இன்னைக்கு ரொம்ப அழகா இருக்காரு."

கூட்டம் சிரித்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏற ஆரம்பித்தேன்.

ஆகா, எப்படிப் போனேன் தெரியுமா! கால் வளையத்தில் மிதிக்கிறேன், நண்டு போகிறது, மிதிக்கிறேன், போகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்புச் சுற்றைக் கையால் மேலே தள்ள வேண்டியிருந்ததுதான் எரிச்சல். நடுநடுவே நண்டு ஒரு விரல் அளவு நழுவினாற்போல் இருந்தது. புதுக் கயிறு, இழுத்துக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாடி உயரம் போனதும் கீழே பார்த்தேன். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கிறது. இப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வருமா? காலை வளையத்திலிருந்து எடுத்தேன். இரண்டு கையையும் விட்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டேன்.

நண்டு சர்ரென்று விட்டுவிட்டது.

விழுந்தது அரை அடிதான் என்று பின்னால் சொன்னார்கள். அந்த அரை அடியில் என் கல்யாணம், என் பிள்ளைகள், நான் கிரீஸ் வைத்த உருளைகள் அத்தனையும் கண் முன்னால் ஓடின. அப்புறம் இடுப்பில் ஒரு வெடுக்கென்ற இழுப்பு. மேலே பார்த்தேன். சிவப்புக் கயிறு, ஆறு சுத்து, கயிற்றோடு கயிறாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கீழே ஒரே கைதட்டல். வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! "மேஸ்திரி, இன்னொருதபா!" என்று ஒருவன் கத்தினான். வந்த அழுகையை அடக்கிக்கொண்டு இன்னொரு கும்பிடு போட்டேன்.

ஆறுசுத்துவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "மேஸ்திரி! அசையாதீங்க! நான் வரேன்!"

வரேன் என்றால் எதில் வருவார்? அவர் கயிறு பக்கத்தில் தொங்குகிறது. முடிச்சுப் போடுகிற சிவப்புக் கயிறோ என் தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு நிமிஷம் என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரத்தடியில் நான் வைத்திருந்த பையில் கை விட்டார். பெட்டியைத் திறந்தார். கிரீஸ் காணாத இரண்டாவது நண்டை எடுத்துத் தன் கயிற்றில் மாட்டினார்.

இரும்பை நம்பித் தொங்க மாட்டேன் என்றவர்! மேலிருந்தே அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அடுத்த நிமிஷமே அந்தக் கும்பிடைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் மனிதர் ஏறவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டு குதிக்கிறார். ஒன்று, இரண்டு...

"யோவ்! நான் இங்க தொங்கிகினு இருக்கேன்யா! சீக்கிரம் வாய்யா!"

"இருங்க மேஸ்திரி, செத்துப் பாத்துகினு இருக்கேன்!"

நாலு முறை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்பினால் அணில் மாதிரி வந்துவிட்டார். என் பக்கத்தில் வந்து தொங்கியதும் முதலில் என்னைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தார். சுற்று எல்லாம் வரிசையாக இருக்கிறதா என்று விரலால் தடவினார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது மேஸ்திரி, இந்தச் சனியன்."

"உன் முடிச்சும் நல்லாத்தான்யா இருக்கு."

ஒரு மாதச் சண்டை இரண்டு மாடி உயரத்தில் அப்படி முடிந்தது. என்னை இழுத்துப் பக்கத்துக் கிளையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்து, சிவப்புக் கயிற்றை நிதானமாகப் பிரித்து, தன் கயிற்றில் இருந்த நல்ல நண்டை எனக்கு மாட்டி முதலில் என்னை இறக்கினார். நண்டைக் கழற்றிக் கயிற்றின் நுனியில் கட்டி அனுப்பச் சொல்லி, மேலே இழுத்து மாட்டிக்கொண்டு, பின்னாலேயே தானும் இறங்கினார்.

கீழே பெரிய பஞ்சாயத்து. "மெஷின் வுட்டுடுச்சி, முடிச்சுதான் ஜெயிச்சிது" என்றது பாதிக் கூட்டம். "போய்க் காப்பாத்தி எறக்குனது மெஷின்டா" என்றது மீதி. மேடம் பேனாவை மூடி வைத்துக்கொண்டு ஆறுசுத்துவைக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. மெஷின் ஏன் விட்டுச்சு?"

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருந்தால் போதும். மேஸ்திரி கிரீஸ் வைத்தார் என்றால் ஊர் சிரித்திருக்கும். மெஷினே மோசம் என்றால் இனி முடிச்சுக்கு மட்டும்தான் பர்மிட். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

"மெஷின் மேல தப்பு இல்லைங்க மேடம்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு, தன் சிவப்புக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மேடம் மேலும் கேட்கவில்லை. சர்ட்டிபிகேட் இருக்கிற மெஷின் மேல் தப்பில்லை என்றால் எழுத வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். பேனா மூடியைத் திறந்தார். நான் ஜெயிக்கப் போகிறேன்! ஆறுசுத்துவின் கண் மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த தழைக் கூடை மேல் போனது. 

வாசகர்களே, நான் என் வாழ்க்கையில் எத்தனையோ காரியம் சாதித்தவன். ஆனால் "தப்பு என்னுது" என்று நாலு பேர் முன்னால் சொன்னது அன்று ஒரு நாள்தான். நாலு பேர் எங்கே, இரண்டு ஷிப்ட் ஆட்கள் முன்னால்!

"மேடம், எழுதாதீங்க! கிரீஸ் வெச்சது நான். ஆறுசுத்து வேணாம்னு சொல்லியும் கேக்கல. ஒரு சாண்ல தொங்கிப் பாக்கச் சொன்னாரு, அதையும் கேக்கல. நான் உயிரோட நிக்கறது அந்தத் திருஷ்டிக் கயித்தாலதான்."

கூட்டம் சிரித்த சிரிப்பு மைன்ஸ் வரை கேட்டிருக்கும். மேடம் சிரிக்கவில்லை. நிதானமாக எழுதினார்: இனி யார் ஏறினாலும் மெஷினும் வேண்டும், அதற்கு மேலே முடிச்சும் வேண்டும். ஏறும் முன் ஒரு சாண் உயரத்தில் தொங்கிப் பார்க்க வேண்டும். முடிச்சைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏற வேண்டும். 

"கையெழுத்துப் போடப்போறது நீங்கதான். உங்க பேரு?" என்றார் ஆறுசுத்துவிடம்.

அவர் ஒரு பேர் சொன்னார். கூட்டத்தில் ஒருவன் "அது யாருடா?" என்றான். எனக்கும் அந்தப் பேர் புதிதாகத்தான் இருந்தது. மேடமே பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'ஆறுசுத்து' என்று எழுதிக்கொண்டார்.

ஒரு முறை அப்படி வெடுக்கென்று பாரம் வாங்கிய கயிற்றில் இனி ஏறக்கூடாது என்று அந்தச் சிவப்புக் கயிற்றுக்கு அன்றே ஓய்வு கொடுத்துவிட்டார். புதுசு ஒன்று தேடிப்பிடித்து, அதை நண்டுக்கு மேலே போட்டுக்கொண்டு இன்றும் உச்சிக்கிளை வரை போய் வருகிறார். நண்டைத் தினமும் வெறும் துணியால் துடைக்கிறார். நான் பக்கத்தில் போனால் மறைத்து வைத்துக்கொள்கிறார். 

பழைய கயிறு என்னிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் கோணியையும் அரிவாளையும் வண்டியின் பின்சீட்டில் வைத்து அந்தக் கயிற்றால் கட்டுகிறேன். ஐந்து சுத்தோடு நிறுத்திவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக என் வண்டிக்குத்தான் வருவார்.

"எத்தன சுத்து மேஸ்திரி?"

"அஞ்சுதான்யா."

"உயிரு போயி வந்தும் புத்தி வரல பாருங்க உங்களுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆறாவது சுத்தைப் போடுவார். 

எனக்கு ஆறு வரை எண்ண வராது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும். நானே ஆறும் சுற்றிவிட்டால், அவர் என் வண்டி பக்கம் எதற்கு வரப்போகிறார்?